வெயிலில் நிறுத்திய வண்டி

குமரா,

போன வாரம் நீ போனில் சொன்னதற்கெல்லாம் நான் சரிப்பா, சரிப்பா என்று சொன்னேன். அந்தச் சரியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு நீ ஊருக்கு வருவதற்குள் வண்டிக் கூரையில் இருக்கும் சோலார் பேனலையும் உள்ளே இருக்கும் பேட்டரிகளையும் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாய். அதைக் கண்ணால் பார்க்க முடியாது என்றாய். பெற்றவளுக்கு அந்தக் குரல் புரியாதா, அதனால்தான் மறுபேச்சு பேசவில்லை. கழற்றி எடுத்துப்போக மதகடிப்பட்டிலிருந்து ஓர் ஆளையும் வரச் சொல்லியிருந்தேன். அவன் வரவேண்டிய நாளுக்கு முன்பு பனித்திட்டில் ஒரு சாவுக்கு வண்டி போனது. அங்கே நான் ஒன்றைப் பார்த்தேன். பார்த்த பிறகு அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் வைத்துவிடுவாய், நானும் அழுதுவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி.

படித்துவிட்டு மேகலாவுக்கும் அனுப்பு. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், நம் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டே உள்ளே வரட்டும். வில்லியனூர்க்காரப் பெண், நம் தொழிலைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. அவள் சித்தப்பாதான் என்னைத் தனியே கூப்பிட்டு, கல்யாணத்தன்று அந்த வண்டியை மண்டபத்துப் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்று இழுத்தார். அதற்கென்ன, நிறுத்தி வைத்துவிட்டால் போகிறது என்றேன். மனசுக்குள் சிரிப்புதான் வந்தது. நம் வண்டி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள்தான், ஒரு விடியற்காலையில் நமக்குப் போன் போடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. பழகிவிட்டது.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் அவளுக்காகச் சொல்கிறேன். உங்க அப்பா குட்டியானை வண்டியில் நெல் மூட்டையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டிருந்தவர். செத்தவர்களைக் கெடாமல் வைக்கிற கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி ஒன்றை வாங்கி அதே வண்டியில் வைத்து வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகு பாகூர் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் பொட்டிக்காரர் ஆகிவிட்டார். நம் பக்கத்தில் வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெரு ஏது. அந்தப் பிள்ளை விமானம் ஏறி வந்து முகம் பார்க்கிற வரைக்கும் பெட்டி ஓடியாக வேண்டும். கரெண்ட் போய்விட்டால் ஜெனரேட்டர்தான். கிருமாம்பாக்கத்தில் ஒரு வீட்டில், புருஷனைப் பறிகொடுத்த பெண் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, "அண்ணே, அந்த ஜெனரேட்டர கொஞ்சம் நிறுத்துங்க. நான் அழுவறது எனக்கே கேக்கல" என்றாளாம். அன்றைக்கு உங்க அப்பா வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னார், சாப்பிடவில்லை. நீ வெளிநாட்டு வயர் வேலையிலிருந்து லீவில் வந்திருந்தாய். நீயும் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டாய். கூரையில் இரும்புச் சட்டம் அடித்து இரண்டு பேனலைப் போட்டாய். வண்டியை ஸ்டார்ட் செய்கிற பேட்டரி அது பாட்டுக்கு இருக்க, பெட்டிக்கென்று தனியாக இரண்டு பெரிய பேட்டரிகளை சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கட்டினாய். பகலெல்லாம் வெயில் அந்தப் பேட்டரிகளில் ஏறும், அதிலிருந்து இன்வெர்ட்டர் வழியாகப் பெட்டி ஓடும், பெட்டி எவ்வளவு இழுத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் படுக்காது என்று விளக்கினாய். உங்க அப்பா கைகட்டி நின்று கேட்டுவிட்டு, "இன்னாடா, வெயில வெச்சி பொணத்த குளுர வெக்கப் போறியா?" என்றார். தெருவே சிரித்தது. நீயும் சிரித்துக்கொண்டே வயரை மாட்டினாய். எனக்கு மட்டும் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினாய். வெயில் அடிக்கிறபோது இந்த எண் ஏறிக்கொண்டே இருக்கவேண்டும், நல்ல வெயிலில் இது படுத்துவிட்டால் எங்கேயோ லைன் விட்டுப்போச்சு என்று அர்த்தம் என்றாய். நான் அதை அப்படியே மனசில் வைத்துக்கொண்டேன். நீயும் அதைத்தான் மனசில் வைத்திருந்தாய்.

அதற்கப்புறம் உங்க அப்பா நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, அதை நீ பாதிதான் பார்த்தாய். சாவு வீட்டுக்குப் போகிற வண்டிக்காரர்கள் எல்லாரும் வேப்பமர நிழலுக்குச் சண்டை போடுவார்கள். இவர் வெயிலுக்குச் சண்டை போடுவார். நட்ட நடுத் தெருவில், சூடு பறக்கிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஒரு மரக்கிளை நிழல் நகர்ந்து வந்தால் வண்டியையும் நகர்த்துவார். காக்கை எச்சம் போட்டுவிட்டால் தோளில் கிடக்கிற துண்டை நனைத்து ஏறித் துடைப்பார். ஒரு தடவை நான் மிளகாயைக் காயப்போட இடமில்லாமல் முறத்தோடு பேனல்மேல் வைத்துவிட்டேன். அன்று பூராவும் என்னோடு பேசவில்லை. "எம்புள்ள போட்டது" என்று போகிற இடத்திலெல்லாம் சொல்லுவார். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா என்றால், சொல்லியிருக்க மாட்டார். மேகலா, இது உனக்கு: இந்த வீட்டு ஆம்பளைகள் மெச்சுவதைத் தெருவுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொள்வார்கள். கேட்டு வாங்கிக்கொள்.

உங்க அப்பா போய்ச் சேர்ந்த வாரம் ஊரெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது. பெரிய காற்றும் மழையும் அடித்து ஓய்ந்திருந்தது, எங்கேயும் கரெண்ட் இல்லை. காலையில் டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எடுக்கவேயில்லை. நான் வந்து பார்த்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது. மற்ற வேலையெல்லாம் அவருக்கு உதவியாக இருந்த, இப்போது வண்டி ஓட்டுகிற ஏழுமலைதான் செய்தான். பெட்டியை இறக்கி, துடைத்து, உள்ளே அவரை வைத்து மூடும்போது அவன் கை நின்றுவிட்டது. எத்தனையோ பேரை அந்தக் கண்ணாடி வழியே பார்த்தவள் நான். நம் பெட்டியில் நம் மனுஷன் படுத்திருப்பதைப் பார்க்க ஒரு நாள் வரும் என்று ஏனோ நினைத்ததேயில்லை.

நீ அங்கிருந்து கிளம்பிவிட்டாய், ஆனால் சென்னையில் மழை என்று விமானத்தைத் திருப்பிவிட்டார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்றாய். முதல் ராத்திரி பேட்டரி தாங்கியது. மறுநாள் விடிந்ததும் மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. பொட்டிக்காரருக்காகவே வெயில் வந்திருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், எனக்கும் அப்படித்தான் இருந்தது. இனிமேல் பெட்டிக்குக் குறையில்லை, பிள்ளை வந்து முகம் பார்த்துக் கொள்ளி வைத்துவிடுவான் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்குகிற நேரத்தில் இன்வெர்ட்டர் கத்தியது. அப்புறம் பெட்டியின் இரைச்சல் நின்றது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் நீர் கோத்தது, அவர் முகம் மங்கலாகிவிட்டது. நான் முந்தானையால் வெளிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஈரம் உள்பக்கம் இருந்தது.

ஜெனரேட்டர் தேடி நாலு பக்கமும் ஆள் போனது. அந்த வாரத்தில் யாரிடம் சும்மா கிடக்கும். உங்க பெரியப்பா என் பக்கத்தில் வந்து குந்தி, "பொழுது இருக்கசொல்லவே எடுத்துடலாம்மா. இன்னும் வெச்சா நல்லா இருக்காது" என்றார். நான் தலையசைத்தேன். வேறு யாரும் அதைச் செய்யவில்லை, நான்தான் செய்தேன். உங்க பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். நீ விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பையோடு தெருமுனையில் இறங்கினாய். வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈர வாசலைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்துவிட்டது.

நீ அழுவாய் என்று காத்திருந்தேன். அழவில்லை. நேரே வண்டிக்குப் போய் பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தாய். விடிந்ததும் கூரைமேல் ஏறினாய். பேனலிலிருந்து வருகிற வயரில் ஒரு கனெக்டர் பாதி கழன்று கிடந்தது. அதை அழுத்தி மாட்டியதும் மீட்டரில் எண் ஏறியது. இறங்கி வந்து, "நான் போட்ட லைன்தாம்மா. நான் சரியா மாட்டல" என்றாய். ஒரே தடவைதான் சொன்னாய். காரியம் முடிந்து போனவன் இத்தனை காலமாக ஊருக்கு வரவில்லை. அங்கே வயர் வேலையையும் விட்டுவிட்டு ஏதோ குடோனில் சரக்குப் பார்க்கிறாய் என்று உன் கூட்டாளி சக்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து டெஸ்டர் இல்லாமல் உன் சட்டைப் பையை நான் பார்த்ததில்லை, குமரா. அதைக் கேட்ட அன்று உங்க அப்பா இரண்டாவது தடவை செத்த மாதிரி இருந்தது.

நானும் ஒழுங்காக இல்லை. தனியாக வீட்டில் இருக்க முடியாமல் ஏழுமலையோடு வண்டியில் ஏற ஆரம்பித்தேன். கேபிள் நீட்டுவது, மீட்டர் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு சாவுக்கும் பிறகு பெட்டியைக் கழுவிக் காயவைத்து, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வெறுமனே ஓடவிடுவோம். காலிப் பெட்டி என்று தெரியும். இருந்தாலும் எட்டிப் பார்க்காமல் தாண்ட முடியாது. அந்த இரைச்சல் ஓடுகிற வரைக்கும் அவர் பக்கத்தில் இருக்கிறார், நின்றால் போய்விடுவார் என்று ஒரு பித்து. சில நாள் அதற்குள்ளிருந்து, குமரன் வந்துட்டானா என்று கேட்கிற மாதிரியே இருக்கும். வரான், வரான் என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். ஏழுமலை காதில் விழாதவன் மாதிரி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போவான். இதையெல்லாம் உன்னிடம் சொன்னதில்லை. நீ உன் பங்கைத் தூக்கிக்கொண்டு அங்கே திரிந்தாய், நான் என் பங்கைத் தூக்கிக்கொண்டு இங்கே. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுகிறோம் என்று நினைப்பு.

இப்போது பனித்திட்டுக்கு வருகிறேன். இறந்தது ஊர்ப் பஞ்சாயத்தில் இருக்கிற ஒரு பெரிய மனுஷருடைய அம்மா. கடலோரமாக வீடு, லைன் வேலை என்று பகல் முழுக்க கரெண்ட் நிறுத்தியிருந்தார்கள். அந்த அம்மாவின் கடைசி மகன் குவைத்திலிருந்து வரவேண்டும். தாய்க்குக் கடைசிப் பிள்ளைதானே கொள்ளி வைக்கவேண்டும், அதனால் அவன் வருகிற வரைக்கும் எடுப்பதாக இல்லை. நல்ல உச்சி வெயில். நான் சும்மா மீட்டரை எட்டிப் பார்த்தேன். எண் படுத்துக் கிடந்தது. மறுபடியும் லைன் விட்டுவிட்டது, மறுபடியும் ஒரு பிள்ளை வந்து ஈர வாசலைப் பார்க்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். உன் வார்த்தைதான் காதில் கேட்டது. கீழே இறங்கி நின்று வண்டியை அண்ணாந்து பார்த்தேன்.

பேனல் தெரியவில்லை. மேலே முழுக்க மாலை. பெரிய மனுஷர் வீடு, கட்சிக்காரர், சங்கத்துக்காரர் என்று ஆளாளுக்கு ஆள் உயர மாலையோடு வந்திருக்கிறார்கள். பெட்டிமேல் இடமில்லை. செத்தவருக்குப் போட்ட மாலை மண்ணில் கிடக்கக் கூடாது. வண்டிமேல் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஏழுமலையை ஏறி எடுக்கச் சொன்னேன். அவன் ஒரு மாலையைத் தொட்டதும் மூத்த பிள்ளையான அந்தப் பெரிய மனுஷரே பாய்ந்து வந்து, தன் அம்மா மாலைமேல் யார் கை வைப்பது என்று சட்டையைப் பிடித்துவிட்டார். நான் நடுவில் போய் நின்றேன்.

"இந்த மாலய எடுத்தாத்தாம்பா உன் தம்பி உங்க அம்மா முகத்த பாப்பான். எடுக்கலன்னா பாக்கமாட்டான்" என்றேன்.

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, கையை எடுத்துவிட்டார். அப்புறம் அவரே இரண்டு ஆளை ஏற்றி, ஒவ்வொரு மாலையாக வாங்கிப் பந்தல் மூங்கிலில் மாட்டினார். முதல் பேனல் வெளியே தெரிந்தும் மீட்டர் சரியாக அசையவில்லை. அதோடு ஒரே லைனில் கோத்திருந்த இரண்டாவது பேனலில் மூலையில் ஒரே ஒரு மாலையின் குஞ்சம் கிடந்தது, அதை இழுத்த பிறகுதான் எண் மளமளவென்று ஏறியது. இழுத்த இழுப்பில் மாலை நார் வயரில் சிக்கிக்கொண்டது, ஏழுமலை கத்தரித்து எடுத்தான். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டுப் பெண்கள் என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர்கள் வீட்டு மாலையை அல்ல.

குமரா, மற்ற வீடுகளில் நம் வண்டி வெறும் வண்டி, ஓரமாக நிற்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். உங்க அப்பா சாவில் மட்டும் அது அவருடைய வண்டி. ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லாரும் அவருக்கு ஒரு மாலை, வண்டிக்கு ஒரு மாலை என்று கொண்டுவந்தார்கள். முதலில் எல்லாம் வண்டியின் முன்பக்கம்தான் மாட்டினார்கள். அப்போது சக்தி ஒரு பெரிய ரோஜா மாலையோடு வந்தான். நீ போனில் சொல்லி வாங்கச் சொன்னது, உன் பெயர் போட்டது. பெட்டிமேல் வைக்க இடமில்லாமல் பந்தல் காலில் மாட்டப் போனான். எனக்குப் பொறுக்கவில்லை. நீதான் வரவில்லை, உன் மாலையாவது நாலு பேர் கண்ணில் படட்டும் என்று ஓர் ஆங்காரம். "வண்டி மேல போடுடா சக்தி. ரோட்டுல போறவங்க எல்லாம் பாக்கட்டும், எம்புள்ள போட்டதுன்னு" என்று சொன்னேன். அவன் ஏறி அகலமாக விரித்துப் போட்டான். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் தூக்கிப் போட்டார்கள். ஒரு காக்கை எச்சத்தைப் பொறுக்காத மனுஷனின் பேனல், அந்த வெயில் நாள் பூராவும் பூவுக்கடியில் கிடந்தது. அவரை எடுக்கிற அவசரத்தில் மாலைகளைப் பிடித்து இழுத்தார்கள். கனெக்டர் அப்போதுதான் கழன்றிருக்கவேண்டும். நீ வருவதற்குள் கூரை காலியாகிவிட்டது. நீ பார்த்தது கழன்ற வயரை மட்டும்தான்.

இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாரோ போட்ட மாலை மறைத்துவிட்டது என்று மட்டும் எழுதிவிடலாமா என்று யோசித்தேன். உன்னை எனக்குத் தெரியும், யார் மாலை என்று அடுத்து கேட்பாய். சக்தியிடம் கேட்பாய். ஒரு பாரத்தை இறக்கிவிட்டு வேறொன்றை ஒளித்து வைத்த மாதிரி ஆகும். அதனால் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அப்பா முகத்தை இன்னும் வந்து பார்க்க முடியவில்லையே என்று நீ ஆசையாக அனுப்பியது, பிள்ளையைப் பெற்ற பெருமைக்காக நான் ஆசையாக மேலே போடச் சொன்னது, அதுதான் வெயிலை மறைத்தது. யாரும் அலட்சியமாக இல்லை. ஆசை மட்டும்தான் இருந்தது. யார்மேலாவது கோபப்பட்டே தீரவேண்டும் என்றால் என்மேல் படு, எனக்கு வயசாகிவிட்டது, தாங்குவேன். உன் கைமேல் படாதே. நீ போட்ட லைன் அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஆகையால் பேனலைக் கழற்ற மாட்டேன். கழற்றித்தான் ஆகவேண்டும் என்று உனக்கு இன்னும் தோன்றினால், தாலி கட்டிவிட்டு வந்து நீயே மேலே ஏறு. ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். அங்கே நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு என்ன செய்யவேண்டுமோ செய், நான் வாய் திறக்க மாட்டேன். மேகலாவையும் பக்கத்தில் வைத்துக்கொள். மனசில் இருப்பதை இனிமேல் அவளிடம் அன்றன்றைக்குச் சொல்லிவிடு, என்னைப் போலவும் உங்க அப்பாவைப் போலவும் சேர்த்து வைக்காதே.

பனித்திட்டுப் பையன் மறுநாள் காலையில் வந்து சேர்ந்தான். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் நெற்றியை வைத்து அவன் எவ்வளவு நேரம் கிடந்தான் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கொள்ளி வைத்து, குளித்து, ஈர வேட்டியோடு திரும்பி வந்தவன், நாங்கள் கேபிளைச் சுருட்டுவதைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான். உன் வயசுதான் இருக்கும். ஒரு பகல் பூராவும் கரெண்ட் இல்லாமல் எப்படிம்மா அம்மாவை வைத்திருந்தீர்கள் என்று கேட்டான்.

"எம்புள்ள போட்ட லைன்பா" என்றேன்.

அம்மா